கொலைகாரன் நல்லமுத்து, சுங்கை பினாங்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கோபத்தில் பிறந்தது.

பினாங்கில் ஒரு வாசகர் சங்கம் மலர் போடுகிறது. மலேயாவில் துப்பறியும் மாத நாவல்களின் வரலாற்றை ஆறு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எழுதினேன். சென்னையிலும் கும்பகோணத்திலும் அச்சாகிக் கப்பலேறி வந்த கையடக்கப் புத்தகங்கள், அட்டையில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் பெண், மூலையில் ஒரு கைத்துப்பாக்கி, லண்டன் கதையை எடுத்து ஊரையும் பேரையும் மட்டும் மாற்றி விட்டவர்கள், பிற்காலத்தில் பஸ் நிலையக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கிய பாக்கெட் நாவல்கள், எல்லாவற்றையும் எழுதினேன். நடுவில் ஒரு பள்ளம். 1942 முதல் 1945 வரை. ஜப்பான்காரர்கள் ஆண்ட காலம். இந்தியாவிலிருந்து கப்பல் இல்லை; கப்பல் இல்லாததால் புத்தகமும் இல்லை.

மலர்க்குழுச் செயலாளரைக் கேட்டேன். அவர் சிரித்தார், இந்த ஊருக்கே உரிய 'லா'வோடு. "இக்காலத்தில் இதழ்கள் வரவில்லைன்னு ஒரு வரி போட்டு முடிங்க சார். யாரு லா கேக்கப் போறா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதம் ஒரு கொலை படித்துப் பழகியவர்கள் மூன்றரை வருஷம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருப்பார்களா? நானும் அந்தப் பித்துப் பிடித்தவன்தான். ஒரு துப்பறியும் கதையைப் பாதியில் விட்டுவிட்டு என்னால் சோறு தின்ன முடியாது. ஆகவே அந்தப் பள்ளத்தைப் பொய்யால் நிரப்பப் போகிறேன். கீழே வரும் ஆட்கள், கடை, நோட்டுப் புத்தகம், அதிகாரி எல்லாம் என் கைச்சரக்கு. ஜப்பான்காரர்கள் வந்ததும், அரிசி இல்லாமல் போனதும், ஆட்களைப் பிடித்துச் சயாம் ரயில் பாதை போட அனுப்பியதும் மட்டும் என் கைச்சரக்கு இல்லை.

2

தொடக்கம் ஒன்று:

"1941 டிசம்பரில் ஒரு காலை ஜார்ஜ் டவுன் வானத்தில் விமானங்கள் வந்தபோது, ஜனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் தலைமேல்"

வேண்டாம். குண்டில் தொடங்கினால் குண்டைவிடப் பெரிதாக ஏதாவது செய்துகொண்டே போகவேண்டும். என்னிடம் இருப்பது ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும்தான்.

தொடக்கம் இரண்டு:

"யோகம்மா அந்தக் காலத்திலேயே துணிச்சலான பெண்"

ச்சே. அந்தக் காலத்திலேயே என்றால் என்ன அர்த்தம்? அவள் பயந்தவள். பயத்தோடு போனாள் என்பதுதான் எனக்குத் தேவை. இதையும் அடித்துவிட்டேன். அடித்ததை உங்களுக்குக் காட்டுவது ஏனென்றால், இந்தக் கதையில் அடித்து எழுதுவதுதான் விஷயமே.

3

சரி, இப்படித் தொடங்குகிறேன்.

சூலியா தெருவில் ஷேக் அலாவுதீனுக்கு வாடகைப் புத்தகக் கடை. கடை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள்; ஒரு தையல்காரரின் முன்கூடத்தில் மூன்று அலமாரி, ஒரு முக்காலி. நாகப்பட்டினத்துக் கப்பலில் மாதாமாதம் அவருக்கு ஒரு பெட்டி வரும். மூட்டை தூக்குகிறவர் முதல் ஆஸ்பத்திரியில் கணக்கெழுதும் கிராணி வரைக்கும் அவரிடம் வாடிக்கை.

அந்தக் கடையில் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வாடகைக் கடைகளில் படித்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். முன்னே படித்தவன் எவனாவது முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்துவிடுவான்: கொலைகாரன் மைத்துனன். அல்லது: சமையல்காரியை நம்பாதே. அடுத்தவன் வயிறு எரியட்டும் என்ற நல்லெண்ணம்தான். அலாவுதீன் ஒரு ரப்பர்த் துண்டோடு உட்கார்ந்து அழித்துக்கொண்டே இருப்பார். 'கொலைகாரன் பெயரை எழுதுபவருக்கு அடுத்த புத்தகம் கிடையாது' என்று பலகைகூட மாட்டினார். அந்தப் பலகையிலேயே ஒருவன் எழுதினான், கொலைகாரன் நானாதான் என்று.*

* நானா என்றால் அண்ணன். தமிழ் முஸ்லிம் கடைக்காரரை ஊரே அப்படித்தான் கூப்பிடும்.

யோகம்மாவுக்கு வயது முப்பத்து மூன்று. யாழ்ப்பாணத்துக் குடும்பம். பள்ளிக்கூட டீச்சர், பள்ளியை மூடிவிட்டார்கள். கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா அரசாங்கக் கிராணி. தங்கையின் கல்யாணத்துக்கென்று 1941 அக்டோபரில் மூன்று மாத லீவில் யாழ்ப்பாணம் போனவர், போனவர்தான். கடல் மூடிவிட்டது. கடிதமும் கிடையாது. யோகம்மா ஆயர் ஈத்தாமில் காமாரியா என்ற மலாய்க்காரம்மாவின் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தாள். தினமும் காலையில் கந்தபுராணம் ஒரு பக்கம், சாயங்காலம் துப்பறியும் நாவல் ஐம்பது பக்கம். பள்ளி நடந்தபோது வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துப் படித்தவள் அவள்.

கடைசிக் கப்பலில் 'பதினேழாம் நம்பர் பங்களா' என்ற தொடரின் பதினோராம் பாகம் வந்தது. மொத்தம் பன்னிரண்டு. ஜமீன்தாரின் தம்பி பூட்டிய அறைக்குள் செத்துக் கிடக்கிறார். ஏழு பேர்மேல் சந்தேகம். பதினோராம் பாகத்தின் கடைசி வரி: 'துப்பறிவாளர் தம் விரலை நீட்டினார்.' யாரை நோக்கி நீட்டினார் என்பது பன்னிரண்டாம் பாகத்தில் இருந்தது. அந்தப் பாகம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

ஊரில் குண்டு விழுந்தது, வெள்ளைக்காரன் ஓடினான், வேறு கொடி ஏறியது. அப்புறமும் ஆட்கள் வந்து கேட்டார்கள்.

"டீச்சரம்மா, ஊரே மரவள்ளிக் கெழங்கத் தின்னுட்டுக் கெடக்கு," என்றார் அலாவுதீன். "இவனுங்க வந்து ஜமீன்தார் தம்பிய எவன் கொன்னான்னு என் உசிர வாங்குறானுங்க. பைத்தியம் புடிச்சிரும் லா எனக்கு."

"அது மைத்துனன்தான் நானா. ரெண்டாம் பாகத்திலையே எனக்குத் தெரியும்."

"எப்புடி?"

"அவன் ஒருத்தன்தான் எல்லாரோடையும் நல்லாக் கதைக்கிறான்."

அலாவுதீன் முக்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அப்ப நீங்களே எழுதிக் குடுங்கம்மா. யாரு கேக்கப் போறா?"

(மலர்க்குழுச் செயலாளரின் வாக்கியத்தை இவர் வாயிலும் போட்டுவிட்டேன் என்பது இப்போதுதான் கண்ணில் படுகிறது. இருக்கட்டும். சோம்பேறித்தனம் எல்லாக் காலத்துக்கும் பொது.)

பள்ளிக்கூட அலமாரியில் எழுதாத கட்டுரை நோட்டுகள் ஒரு கட்டு மிச்சமிருந்தன. பன்னிரண்டாம் பாகத்தை யோகம்மா நான்கு நாளில் எழுதி முடித்தாள். மைத்துனன்தான். அலாவுதீன் அட்டை போட்டு வாடகைக்கு விட்டார். நோட்டு கைக்குக் கை பறந்தது.

4

அடுத்ததும் கேட்டார்கள். இந்தத் தடவை நம்ம ஊர்க் கதையாக வேண்டும் என்றார்கள்.

யோகம்மாவுக்குக் கதை வந்தது, பேர்தான் வரவில்லை. அவள் படித்த பேரெல்லாம் ஜமீன்தார்கள், திவான்கள். பினாங்கில் எந்த ஜமீன்தார் இருக்கிறான்? துப்பறிகிறவரை மட்டும் ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் அம்பலவாணர் என்று சொந்தமாக வைத்தாள். மற்றவர்களுக்குக் கடைக்கு வருகிறவர்களின் பேரையே போட ஆரம்பித்தாள். தையல்காரர் முகம்மது சுல்தான் கதையிலும் தையல்காரர். ஒரு ரத்தக்கறைச் சட்டையைக் கண்டுபிடிப்பார். அவ்வளவுதான், மனுஷர் பூரித்துப்போய் அவளுக்குக் கிழிந்த ரவிக்கை இரண்டைச் சும்மாவே தைத்துக் கொடுத்தார்.

செய்தி பரவியது. கதையில் பேர் வரவேண்டும் என்று ஆட்கள் வரிசைகட்டினார்கள். ஒருவர் கொட்டாங்கச்சியில் தேங்காயெண்ணெய் கொண்டுவந்தார். ஒருவர் கருவாடு. தமிழே படிக்கத் தெரியாத காமாரியாகூட, "என் பேரும் போடு, நல்ல சமையல்காரின்னு எழுது," என்று மலாயில் சொல்லி ஒரு பொட்டலம் சோறு நீட்டினாள். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை.

அந்த வரிசையில்தான் நல்லமுத்து வந்தான். கப்பலிலிருந்து கரைக்குச் சரக்கு ஏற்றிவரும் தொங்காங் படகில் மூட்டை தூக்குகிறவன். வயது இருபத்தெட்டு. சுங்கை பினாங்கில் வீடு, மனைவி புஷ்பவள்ளி, ஒரு கோழி. அந்தக் கோழியின் இரண்டு முட்டையைத் துண்டில் முடிந்துகொண்டு வந்திருந்தான்.

"டீச்சர், வந்துட்டுப் போற ஆளாப் போட்டுறாதீங்க. பெரிய வேசமாக் குடுங்க."

"பெரிய வேசம் எண்டா துப்பறியிறவர்தான். அது ஏற்கெனவே அம்பலவாணர்."

"அதுக்கு அடுத்தது?"

யோகம்மா யோசித்தாள். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாலும் ஒரு வரி விடாமல் படிக்கிறவன். "அடுத்தது கொலைகாரன்தான்," என்றாள்.

"ஆத்தாடி!" நல்லமுத்துவுக்கு முகமெல்லாம் பல். "அதயே குடுங்க டீச்சர்! கடைசி வரைக்கும் வருவேன்ல?"

அப்படித்தான் 'நாலாம் நம்பர் கிடங்கு' என்ற கதையில், துறைமுக அரிசிக் கிடங்கின் காவல்காரனைக் கொன்றவன் நல்லமுத்து ஆனான். இரண்டு முட்டைக்கு.

5

நோட்டு கடைக்கு வந்த அன்றே முதல் ஆளாக வாங்கிப் போனவன் நல்லமுத்து. மூன்றாம் நாள் கொண்டுவந்து கொடுத்தான். அலாவுதீன் பிரித்துப் பார்த்தார். முதல் பக்கத்தில், பக்கம் முழுக்க, ஊதா நிறத்தில் குண்டு குண்டாக எழுதியிருந்தது:

கொலைகாரன் நல்லமுத்து, சுங்கை பினாங்.

சரக்கு எண்ணுகிறவர்கள் வைத்திருக்கும் பென்சில் அது. எச்சில் தொட்டு எழுதினால் மையாகிவிடும். எந்த ரப்பருக்கும் மசியாது.

"ஏன்டா, நீயே எழுதி வச்சா எவன் லா படிப்பான்?"

"எவனாச்சும் எழுதத்தானே போறான் நானா? என் பேர நானே எழுதிக்கிட்டேன். எழுத்து எப்படி, நல்லாருக்கா?"

அலாவுதீன் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் சிரித்துவிட்டார். பக்கத்தைக் கிழித்திருக்கலாம், காகிதம் கிடைக்காத காலம், பின்பக்கத்தில் கதை இருந்தது. அப்படியே விட்டுவிட்டார்.

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்சம் நடந்தேன். கிழிக்க வைக்கலாம். ஒரு வாக்கியம் போதும்: அலாவுதீன் அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டார். கதையும் அங்கேயே முடியும், எல்லாரும் வீட்டுக்குப் போய்க் கிழங்கு தின்பார்கள். எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று பின்னால் என்னையே கேட்டுக்கொள்ளப் போகிறேன்.

6

(இந்தப் பகுதியில் சிவகுருநாதன் என்பவரை ஒன்றரைப் பக்கம் திட்டியிருந்தேன். எடுத்துவிட்டேன்.)

7

சிவகுருநாதன் யாரென்று சொல்லாமல் போகமுடியாது. ஜப்பானிய அதிகாரிக்கு மொழிபெயர்ப்பாளர். யாழ்ப்பாணத்தார், யோகம்மாவின் கணவரோடு ஒரே அலுவலகத்தில் கிராணியாக இருந்தவர். முதல் பிரதியில் அவருக்குத் தங்கக் கடிகாரமும் கோணல் சிரிப்பும் கொடுத்திருந்தேன். கதைக்கு வில்லன் வேண்டுமே! பிறகு யோசித்தேன். ஆறு மாத வகுப்பில் ஜப்பானிய மொழி படித்தவர், மூன்று பிள்ளைகள், வேலைக்குக் கூலியாக மாதம் கொஞ்சம் அரிசி. கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டேன். அதற்குப் பதில் அவரை அலாவுதீன் கடை வாடிக்கையாளர் ஆக்கினேன். 'பதினேழாம் நம்பர் பங்களா' பன்னிரண்டு பாகமும் படித்தவர். பன்னிரண்டாவதை யோகம்மாவின் கையெழுத்தில் படித்தவர்.

1943 ஆகஸ்டில் ஒருநாள் காலை பத்து மணிக்கு அதிகாரி கடைக்கு வந்தார். கூட இரண்டு போலீஸ்காரர்கள், சிவகுருநாதன். அனுமதி முத்திரை இல்லாத புத்தகங்களைத் தேடி வந்தார்கள். அச்சடித்த நாவல்களை அதிகாரி இரண்டு விரலால் தள்ளிக்கொண்டே வந்தார். அட்டையில் வாய்பொத்திய பெண்களைப் பார்த்துச் சலித்துப்போனார். கையால் எழுதிய நோட்டு வந்ததும் நின்றார். முதல் பக்கத்தில் ஊதா எழுத்து.

"இது என்ன?"

சிவகுருநாதன் படித்தார். எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி மொழிபெயர்த்தார். கொலைகாரன், பேர், ஊர்.

உடனே அவருக்கு உறைத்தது. அவசரமாகச் சேர்த்தார்: "ஐயா, இது இங்கே ஒரு வழக்கம்."

"கொலை செய்வதா?"

ஆறு மாத ஜப்பானிய மொழியில் அந்தக் கெட்ட பழக்கத்தை எப்படி விளக்குவது? தமிழிலேயே உங்களுக்கு விளக்க எனக்கு ஒரு பத்தி ஆயிற்று. அவர் திக்கினார். கதை என்றார். அதிகாரி யார் செத்தது என்று கேட்டார். அரிசிக் கிடங்குக் காவல்காரன் என்றார். எங்கள் கிடங்கில் எந்தக் காவல்காரனும் சாகவில்லையே என்றார் அதிகாரி. ஆமாம், சாகவில்லை என்றார் இவர்.

"அப்படியானால் இனிமேல்தான்," என்றார் அதிகாரி. நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானமே தொங்காங் படகிலிருந்து நல்லமுத்துவைப் பிடித்துப் போனார்கள். தேட வேண்டிய சிரமமே இல்லை. ஊரையும் அவனே எழுதியிருந்தான்.

8

மறுநாள் காலை புஷ்பவள்ளி ஆயர் ஈத்தாமுக்கு நடந்தே வந்தாள். சுங்கை பினாங்கிலிருந்து அது நல்ல தூரம். யோகம்மா கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"டீச்சர், அவர மாத்தா புடிச்சிட்டுப் போயிருச்சு." போலீசைத்தான் மாத்தா என்றாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள். "நீங்க எழுதுன கதையில அவரு கொலைகாரனாமே. நெசமா?"

"கதையிலதான் பிள்ளை. சும்மா ஒரு கதை."

"அப்ப சுலுவுதானே. நீங்க எழுதுனதுதானே? நீங்களே மாத்தி எழுதிடுங்க. வேற ஆளப் போட்டுடுங்க."

பிழிந்த துணி யோகம்மாவின் கையிலிருந்து மண்ணில் விழுந்தது. ஜப்பான் போலீஸ் இருந்த அந்த வீட்டுக்குள் போனவர்களைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருந்தாள். எல்லாருமே கேள்விப்பட்டிருந்தார்கள். தண்ணீர் ஊற்றுவார்கள் என்றார்கள், நகத்தைப் பிடுங்குவார்கள் என்றார்கள். ஒருவேளை உயிரோடு விட்டாலும் நேராகச் சயாமுக்கு ரயிலேற்றிவிடுவார்கள். அவள் போய் நான்தான் எழுதினேன் என்றால் அவளையும் உள்ளே வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"எனக்குப் பயமாக் கிடக்கு," என்றாள்.

"எனக்கும்தான் டீச்சர்," என்றாள் புஷ்பவள்ளி. "இருந்தாலும் வாங்க."

மண்ணில் விழுந்த துணியை அப்படியே போட்டுவிட்டு யோகம்மா உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். வழியில் அலாவுதீனும் சேர்ந்துகொண்டார். வேண்டாம் நானா, நீங்கள் வந்தால் உங்களையும் பிடிப்பார்கள் என்று யோகம்மா சொல்லிப் பார்த்தாள். "கடை என்னுதும்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

9

அந்த வீட்டு வாசலில் சிவகுருநாதன் நின்றிருந்தார். யோகம்மாவைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"தங்கச்சி, ஏன் இஞ்சை வந்தனீர்? திரும்பிப் போம்."

"அண்ணை, அது கதை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே? பிறகேன் சொல்லேல்லை?"

"எழுதினதை எழுதினபடி சொன்னன். மிச்சத்தைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை." அவர் குரல் இறங்கிவிட்டது. "ராத்திரி முழுக்க நான் நித்திரை கொள்ளேல்லை."

யோகம்மாவுக்கு அவரை அறையவேண்டும் போலிருந்தது. அறையவில்லை. "என்னை உள்ளுக்கை கூட்டிக்கொண்டு போங்கோ," என்றாள். மற்ற இருவரையும் காவலாளி தடுத்து, எதிரே இருந்த மரத்தடிக்கு அனுப்பிவிட்டான்.

அதிகாரி கத்தவில்லை. நான் கத்த வைத்துப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அவர் நோட்டை மேசைமேல் வைத்தார். நீ எழுதினாயா என்றார். எழுதினேன் என்றாள். அப்படியானால் எழுது, பார்க்கலாம் என்று ஒரு பென்சிலைக் கொடுத்தார். இரண்டு வரி எழுதினாள். கையெழுத்து ஒத்துப்போனது.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. சிவகுருநாதன் அவளைப் பார்க்காமல் மொழிபெயர்த்தார்.

"இவர் கேக்கிறார், கதை எண்டால் மாத்தலாம்தானே எண்டு. நல்லமுத்து கொல்லேல்லை எண்டால் வேறை ஆர் கொன்றது? எழுதட்டாம்."

யோகம்மா பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள். கதையில் இருபத்திரண்டு பேர். ஒவ்வொரு பேரையும் நினைத்துப் பார்த்தாள். தையல்காரர் முகம்மது சுல்தான்? ரவிக்கை தைத்துக் கொடுத்தவர். கருவாடு தந்தவர்? எண்ணெய் தந்தவர்? காமாரியா? ஷேக் அலாவுதீன் பேரும் இருந்தது. மரத்தடியில் நிற்கிறார், பிடிப்பது இன்னும் சுலபம். எல்லாரும் உயிரோடு இருக்கிறவர்கள், எல்லாருக்கும் வீடு இருக்கிறது. அம்பலவாணர் என்று எழுதலாம், அவர் ஒருவர்தான் கற்பனை. ஆனால் அந்தப் பேரில் ஊரில் எவனாவது இருந்துவிட்டால்? தேடிக் கண்டுபிடிப்பதுதானே இவர்கள் வேலை.

பேர் என்று ஒன்று எழுதினாலே யாரையோ பிடித்துக் கொடுத்த மாதிரிதான் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. கொலைகாரன் யார் என்று இத்தனை வருஷம் ஆசை ஆசையாகப் பக்கம் புரட்டியவள் அவள். இப்போது அந்தப் பேரை அவளே சொல்லவேண்டும்.*

* முதல் பிரதியில் இந்த இடத்தில் யோகம்மா தன் பேரையே எழுதினாள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. என் மனைவிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அது எனக்குக் கைதட்டல் வாங்கத்தான் உதவும். பயந்த பெண் பயந்த பெண் மாதிரிதான் யோசிப்பாள்: இவர்கள் கைக்கு எட்டாத ஆள் யார்?

யோகம்மா எழுதினாள்: ஸ்ரீஸ்கந்தராஜா.

கல்யாணமான பெண், கணவன் பேரை வாயால்கூடச் சொல்லாதவள், பென்சிலால் எழுதினாள். கொலைகாரன் என்று முன்னால் சேர்த்து எழுதினாள். நடுவில் கடல் இருக்கிறது. அவருக்கு ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு வருஷமாகத் தினமும் காலையில் கந்தபுராணத்தை மூடும்போது அவர் வந்துவிடவேண்டும் என்று கும்பிட்டவள். அந்த நிமிஷம் அதே சாமியிடம், வராதிருக்கட்டும் அப்பனே, இவர்கள் போகும்வரைக்கும் வராதிருக்கட்டும் என்று கும்பிட்டாள். கண்ணீர் காகிதத்தில் விழுந்துவிடக்கூடாதே என்று தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

சிவகுருநாதன் நோட்டை வாங்கிப் படித்தார். ஒரே மேசையில் எட்டு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்த மனுஷன் பேர்.

"யார் இது?" என்றார் அதிகாரி.

எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி சொல்லிப் பிழைத்தவர் சிவகுருநாதன். இந்தப் பேருக்கு உடையவன் இவள் புருஷன், எதிரி நாட்டில் இருக்கிறான் என்று சொன்னால் அவருக்கு அரிசி கூடலாம். சொல்லாமல் விட்டு, பிறகு தெரியவந்தால் அவருக்கும் நல்லமுத்துவுக்குப் பக்கத்து அறை.

"அப்படி ஒருவர் இல்லை ஐயா," என்றார். "காகிதத்தில் மட்டும் இருக்கிற ஆள்."

அதிகாரி அவரைப் பார்த்தார். யோகம்மாவைப் பார்த்தார். நோட்டை மூடி இழுப்பறைக்குள் வைத்தார். வெளியே போய்க் காத்திரு என்று கையைக் காட்டினார்.

10

மரத்தடியில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மணி பதினொன்று. பன்னிரண்டு. வெயில் காலடிக்கு வந்தது.

"மாத்தி எழுதிட்டீங்களா டீச்சர்?"

"எழுதிட்டன் பிள்ளை."

"யாரப் போட்டீங்க?"

யோகம்மா நகர்ந்து நிழலில் உட்கார்ந்தாள். அலாவுதீன் எங்கோ போய் ஒரு தேங்காய் மூடியில் தண்ணீர் கொண்டுவந்தார். புஷ்பவள்ளி குடிக்கவில்லை.

இனி முடிவுக்கு வரவேண்டும். என்னிடம் இரண்டு இருக்கின்றன, இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டேன்.

முதல் முடிவில் நல்லமுத்து வெளியே வருகிறான். முகம் வீங்கியிருக்கிறது, நடை கோணலாக இருக்கிறது, ஆனால் வருகிறான். வந்து யோகம்மாவிடம், "என் வேசத்தப் புடுங்கிட்டீங்களாமே டீச்சர்?" என்கிறான். எல்லாரும் சிரித்துக்கொண்டே அழுகிறார்கள். இதை எழுதிய அன்று எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. மறுநாள் படித்தபோது வெட்கமாக இருந்தது. அந்த வாசலில் உட்கார்ந்திருந்த எத்தனை பெண்களுக்கு யாரும் வரவில்லை! அவர்கள் கதையை மாற்றி எழுத ஒருவனும் இல்லாமல் போனானா?

இரண்டாவது முடிவில் பின்வாசல் வழியாக ஒரு லாரி போகிறது. அதில் நாற்பது பேர். சயாம். இதுதான் அந்த வருஷத்தின் கணக்குக்குப் பொருந்தும். கட்டுரையில் போட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் எழுத எழுத எனக்கு அந்த இரண்டு முட்டை ஞாபகம் வந்தது. கதையில் தன் பேர் கடைசி வரைக்கும் வரவேண்டும் என்று கேட்டது ஒரு குற்றமா? அவனைப் பிடித்து உள்ளே வைத்தது அதிகாரி இல்லை, சிவகுருநாதன் இல்லை. ஐந்தாம் பகுதியில் ஒரு பக்கத்தைக் கிழிக்காமல் விட்டது நான். கதை சுவாரசியமாகப் போகவேண்டும் என்பதற்காக விட்டேன். அந்த மனுஷனை நான் சயாமுக்கும் அனுப்பமாட்டேன். விடுதலை செய்து நல்ல பேர் வாங்கவும் எனக்கு முகம் இல்லை.

மணி ஒன்றரை இருக்கும். கதவு திறந்தது.

யாரோ வெளியே வருகிறார்கள். உள்ளே இருட்டு, வெளியே வெயில். உருவம் மட்டும் தெரிகிறது. அலாவுதீன் கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஓதுகிறார். புஷ்பவள்ளி எழுந்து நிற்கிறாள், ஆனால் முகத்தை மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"யாரு டீச்சர் வர்றது? நீங்க பாத்துச் சொல்லுங்க. எனக்குப் பாக்கத் தைரியமில்ல."

யோகம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஒருநாளைக்கு ஒரு பேர் எழுதியது போதும் அவளுக்கு. நானும் குனிந்துகொண்டேன். நீங்கள் ஒருவர்தான் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அவள் கேட்கிறாள். சொல்லுங்கள்.